ஜியாலஜி டிகிரி படிச்சுட்டு இண்டஸ்ட்ரிக்குப் போகணுமா? எந்தப் பாடத்தை எப்போ எடுக்கறதுன்னு பாக்கலாம் வாங்க

ஜியாலஜில சேர்ந்தவங்க எல்லாருக்கும் ரெண்டாவது செமஸ்டர் வாக்குல ஒரு கவலை வந்துரும், எந்த எலெக்டிவ் எடுத்தா வேலை கிடைக்கும்னு. பாடப் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் எத்தனை தடவை பாத்தாலும் இதுக்குப் பதில் கிடைக்காது, ஏன்னா பாடத்தோட பேரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. வேலைல சேர்ந்த முதல் வருஷம் ஒரு ஜியாலஜிஸ்ட் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என்ன செய்யறாருன்னு முதல்ல தெரிஞ்சுக்கிட்டு, அந்த வேலையை எந்தப் பாடம் சொல்லிக்குடுக்குதுன்னு பின்னாடி நோக்கி வாங்க, திட்டம் தானா உருவாகும். நான் கீழ சொல்லப்போறது எல்லாமே அந்த வழிதான்.

முதல்ல, அந்த வேலைதான் என்னன்னு பாருங்க

கனிமத் தேடல் கம்பெனில சேர்ந்தா பெரும்பாலும் கோர் ஷெட்லதான் ஆரம்பிப்பீங்க. ட்ரில் பண்ணி எடுத்த பாறை உருளைங்க, அதைத்தான் கோர்னு சொல்றது, பெட்டி பெட்டியா வரும், அதை மீட்டர் மீட்டரா பாத்து என்ன பாறை, என்ன கனிமம், எங்க மாற்றம் அடைஞ்சிருக்கு, எங்க உடைஞ்சிருக்குன்னு எழுதணும் (இதுதான் லாகிங்), போட்டோ எடுக்கணும், நீளவாக்குல ரெண்டா அறுத்து ஒரு பாதியை லேபுக்கு அனுப்பணும், இன்னொரு பாதியை பெட்டியிலயே பத்திரமா வச்சுக்கணும். ஓடிட்டிருக்கற சுரங்கத்துல சேர்ந்தா எது தாது எது கழிவுன்னு எல்லை குறிச்சுக் குடுக்கற வேலை, நீங்க கோடு தப்பா போட்டா நல்ல தாது கழிவுக் குவியலுக்குப் போயிடும். ஜியோடெக்னிக்கல் பக்கம் போனா அணை, சுரங்கப்பாதை, மலைச்சரிவுன்னு கட்டற இடத்துல போர்ஹோல் போட்டு மண்ணு எப்படி, பாறை எவ்ளோ உடைஞ்சிருக்கு, தண்ணி எந்த மட்டத்துல இருக்குன்னு சொல்லணும். சுற்றுச்சூழல், நிலத்தடி நீர் பக்கம்னா கண்காணிப்புக் கிணறுகள்ல மட்டம் அளக்கறது, சாம்பிள் எடுக்கறது, அறிக்கை எழுதறது. எண்ணெய், எரிவாயுல கிணறு தோண்டும்போதே மேல வர்ற பாறைத் துகள்களை மைக்ரோஸ்கோப்ல பாத்து எந்த அடுக்குல இருக்கோம்னு சொல்ற மட்லாகிங் வேலை இருக்கு, ஆஃபீஸ்ல உக்காந்து, அதிர்வலை அனுப்பி எடுத்த சைஸ்மிக் படமும் கிணத்துக்குள்ள கருவி இறக்கி எடுத்த கிணறு லாகும் படிக்கற வேலையும் இருக்கு.

இதுல எல்லாத்துலயும் பொதுவா என்ன இருக்குன்னு கவனிச்சீங்களா, பாக்கணும், அளக்கணும், அடுத்தவர் நம்பற மாதிரி எழுதி வைக்கணும், அப்புறம் நாலு புள்ளில கிடைச்ச தகவலை வச்சு பூமிக்குள்ள மொத்தமா என்ன இருக்குன்னு மனசுக்குள்ள 3டில கட்டிப் பாக்கணும். இந்த நாலும் எந்தப் பாடத்துல நல்லா பழக்கறாங்களோ அதுதான் உங்களுக்கு வேணும்.

இந்த வாரமே ஒரு காரியம் பண்ணுங்க. புதுசா படிச்சு முடிச்சவங்களுக்கான ஜியாலஜிஸ்ட் வேலை விளம்பரம் ஒரு 20, 30 தேடி எடுங்க, அது எந்த ஊர்ல இருந்தாலும் பரவால்ல, எக்ஸெல்ல ஒவ்வொண்ணுலயும் என்னென்ன கேக்கறாங்கன்னு ஒரு பத்தில போட்டுட்டே வாங்க. எது திரும்பத் திரும்ப வருதுன்னு நீங்களே பாப்பீங்க: கோர் லாகிங், ஃபீல்ட் மேப்பிங், ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் கையாளறது), டேட்டா கையாளறது, அறிக்கை எழுதறது, ட்ரைவிங் லைசென்ஸ். ட்ரைவிங் லைசென்ஸ் பாடத்திட்டத்துலயே இல்ல, ஆனா அது இல்லாம ஃபீல்டுக்கு அனுப்ப முடியாதுன்னு ஒதுக்கிடறாங்க, அதனால அதையும் திட்டத்துல சேத்துக்கோங்க.

அடுத்தது சங்கிலி

ஜியாலஜி பாடங்கள் ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிக்கறது, நெனச்ச வரிசைல எடுக்க முடியாது. கனிமங்களைப் பத்தின மினராலஜி முடிச்சாதான் பாறைகளைப் பத்தின பெட்ராலஜி, ரெண்டும் இருந்தாதான் தாதுப் படிவுகள் பத்தின எகனாமிக் ஜியாலஜி புரியும். பாறை மடிஞ்சு உடையறதைப் பத்தின ஸ்ட்ரக்சரல் ஜியாலஜியும், படிவுப் பாறையைப் பத்தின செடிமென்டாலஜி, அடுக்கு வரிசையைப் பத்தின ஸ்ட்ரேட்டிகிராஃபியும் முடிச்சிருந்தாதான் பெரிய ஃபீல்ட் கேம்ப்புக்கு எடுத்துப்பாங்க. மினராலஜிக்கே முதல் வருஷ கெமிஸ்ட்ரி வேணும்னு பல இடத்துல விதி இருக்கு. இதுல மாட்டிக்கற இடம் எதுன்னா, இந்தப் பாடங்கள் நிறைய துறைகள்ல வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடத்தறாங்க. முதல் வருஷம் கெமிஸ்ட்ரி கஷ்டம்னு தள்ளி வச்சீங்கன்னா மினராலஜி ஒரு வருஷம் தள்ளிப்போகும், அதோட பெட்ராலஜி போகும், அதோட எகனாமிக் ஜியாலஜி கடைசி செமஸ்டருக்குப் போகும், அதுக்குள்ள வேலைக்கு விண்ணப்பிக்கற காலம் முடிஞ்சிருக்கும்.

அதனால ஒரு பெரிய தாளை எடுத்துக்கோங்க, வலது ஓரத்துல கடைசி வருஷத்துல நீங்க எடுக்க ஆசைப்படற ரெண்டு மூணு பாடத்தை எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் என்ன முன்பாடம் வேணும்னு இடது பக்கம் எழுதிட்டே வாங்க, ஒவ்வொரு பாடமும் எந்த செமஸ்டர்ல நடக்கும்னு துறை ஆஃபீஸ்ல கேட்டு பக்கத்துல குறிச்சுக்கோங்க. இணையத்துல போட்டிருக்கற பாடப்பட்டியலை மட்டும் நம்பாதீங்க, அதுல இருக்கற சில பாடத்தை எடுத்து நடத்தற ஆசிரியர் விடுப்புல இருப்பாரு, சிலது வருஷக்கணக்கா நடந்தே இருக்காது. அடுத்த ரெண்டு வருஷத்துல எது நிச்சயமா நடக்கும்னு நேர்ல கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

இந்தச் சங்கிலில எதை விட்டாலும் ஸ்ட்ரக்சரல் ஜியாலஜியை மட்டும் பேருக்குப் படிச்சுட்டு வராதீங்க. எந்த இண்டஸ்ட்ரிக்குப் போனாலும் இதுதான் முதுகெலும்பு. ஒரு சின்ன கணக்கு சொல்றேன் பாருங்க. நேர் செங்குத்தா ஒரு போர்ஹோல் போட்டாங்க, அதுல தாது அடுக்கு 10 மீட்டர் வந்துச்சு, சந்தோஷமா 10 மீட்டர் தடிமன்னு எழுதிடறீங்க. ஆனா அந்த அடுக்கு 60 டிகிரி சாஞ்சிருக்கு, அப்போ உண்மையான தடிமன் 10 பெருக்கல் காஸ் 60, அதாவது 5 மீட்டர்தான். நீங்க எழுதினது ரெட்டிப்பு. இந்த மாதிரி தப்பான எண்ணை வச்சுத்தான் எவ்ளோ டன் தாது இருக்குன்னு மேல இருக்கறவங்க கணக்குப் போடுவாங்க. சாய்வு, திசை, அதைத் தாள்ல குறிக்கற ஸ்டீரியோநெட், பாறை உடைஞ்சு நகர்ற பெயர்ச்சி, மடிப்பு எல்லாம் பரீட்சைக்கு மட்டும் படிச்சா அடுத்த மாசம் மறந்துரும், லேப் வகுப்புல குடுக்கற மேப் கணக்குங்களை முடிச்ச பிறகும் கூடுதலா கேட்டு வாங்கிப் போட்டுப் பழகுங்க.

கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி

கணக்கு வராதுன்னுதான் ஜியாலஜிக்கு வந்தேன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான், கால்குலஸ் அடிப்படை எடுங்க, அதுக்கு மேல உயர் கணிதம் எடுக்க நேரமில்லன்னா விட்டுடுங்க, ஆனா ஸ்டாட்டிஸ்டிக்ஸை விடாதீங்க. தங்கச் சுரங்கத்து சாம்பிள் முடிவுகளை ஒரு தடவை வரைஞ்சு பாத்தா ஏன்னு தெரியும், பெரும்பாலான சாம்பிள்ல ரொம்பக் கொஞ்சம் இருக்கும், எங்கயோ ஒண்ணு ரெண்டு சாம்பிள்ல மட்டும் எக்கச்சக்கமா இருக்கும், அந்த ஒண்ணு ரெண்டு எண் மொத்த சராசரியையும் மேல இழுத்துட்டுப் போயிடும். சராசரின்னா கூட்டி வகுக்கறதுன்னு மட்டும் தெரிஞ்சவங்க இங்க ஏமாந்துருவாங்க. தென்னாப்பிரிக்காவுல விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்கள்ல இதே பிரச்சனையை டேனி கிரிகே 1951-ல எழுதினாரு, அதை எடுத்து பிரான்ஸ்ல ஜார்ஜஸ் மாத்தரோன் 1960-கள்ல முழுக் கணிதமா வளர்த்தாரு, சாம்பிள் எடுக்காத இடத்துல எவ்ளோ இருக்கும்னு மதிப்பிடற கிரிகிங்னு இன்னிக்கு பல சுரங்க சாஃப்ட்வேர்ல இருக்கற பட்டன் கிரிகே பேர்லதான் இருக்கு. அந்தப் பட்டனை அழுத்த எல்லாருக்கும் தெரியும், வந்த முடிவு சரியா இருக்கான்னு சொல்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தெரிஞ்சவங்களுக்குத்தான் முடியும்.

பிசிக்ஸும் அப்படித்தான். மணல் வழியா தண்ணி எவ்ளோ வேகமா போகும்னு ஹென்றி டார்சி 1856-ல வெளியிட்ட விதிதான் இன்னிக்கும் நிலத்தடி நீர் வேலைக்கு அடித்தளம். 1935-ல சார்லஸ் தைஸ் கிணத்துலேர்ந்து தண்ணி இறைக்கும்போது மட்டம் எப்படி இறங்கும்னு சமன்பாடு கண்டுபிடிச்சப்போ, வெப்பம் கடத்தறதுக்கு ஏற்கனவே இருந்த கணக்கைத்தான் தண்ணிக்குப் பொருத்தினாரு. பிசிக்ஸ்ல வெப்பம் படிச்சது இப்படியும் உதவும்.

கெமிஸ்ட்ரியை முதல் வருஷத்துலயே முடிச்சுடுங்க. அது சங்கிலியோட முதல் கண்ணி.

எலெக்டிவ் எப்படித் தேர்ந்தெடுக்கறது

இங்கதான் எல்லாரும் அவசரப்படறாங்க. இப்போ எந்தப் பொருளோட விலை ஏறியிருக்கோ அதுக்கான பாடத்தை எல்லாம் அள்ளிக்கறது. எண்ணெய் விலையைப் பாருங்க, 2014 நடுவுல பீப்பாய் 100 டாலருக்கு மேல இருந்துச்சு, 2016 ஆரம்பத்துல 30 டாலருக்குக் கீழ போயிடுச்சு. 2014-ல அந்த விலையைப் பாத்து பெட்ரோலியம் பாடங்களா எடுத்துக் குவிச்சவங்க படிச்சு வெளிய வரும்போது கம்பெனிங்க ஆள் குறைச்சுட்டு இருந்தாங்க. டிகிரிக்கு மூணு நாலு வருஷம் ஆகும், விலை ஏறி இறங்கவும் ஏறக்குறைய அவ்ளோதான் ஆகுது, அதனால சேரும்போது இருக்கற விலை முடிக்கும்போது இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

அதனால என்னோட கருத்து, ஒரு முதன்மைப் பாதை, அதுக்குத் துணையா ஒரு பாதை, இப்படி ரெண்டு வச்சுக்கோங்க. ரெண்டுக்கும் பொதுவான பாடங்கள் எதுன்னு பாத்து அதை முதல்ல எடுங்க. லித்தியத்தையே எடுத்துக்கோங்க, ஒரு பக்கம் பெக்மடைட் பாறைல ஸ்போடுமீன் கனிமமா கிடைக்குது, அதுக்கு மினராலஜி, பெட்ராலஜி வேணும், இன்னொரு பக்கம் உப்பு ஏரிக்கு அடியில இருக்கற உப்புநீர்லேர்ந்து எடுக்கறாங்க, அதுக்கு நிலத்தடி நீர் படிச்சவங்கதான் வேணும். ரெண்டையும் ஓரளவு தெரிஞ்சவருக்குக் கதவு ரெண்டு பக்கமும் திறந்திருக்கும்.

கனிமம், சுரங்கம்தான் உங்க பாதைன்னா எகனாமிக் ஜியாலஜி, ஜியோகெமிஸ்ட்ரி, முடிஞ்சா ஜியோஸ்டாட்டிஸ்டிக்ஸ். பைரைட், சால்கோபைரைட், மேக்னடைட் மாதிரி தாதுங்க பாறையை மெல்லிசாத் தேய்ச்சுப் பண்ற சாதாரண தின் செக்ஷன்ல ஒளியே விடாம கருப்பாத்தான் தெரியும், அதனால மேல பட்டுத் திரும்பற ஒளில தாதுவைப் பாக்கற ‘ஓர்’ (ore) மைக்ரோஸ்கோப்பி வகுப்பு இருந்தா கண்டிப்பா எடுங்க. அதோட சாம்பிள் தரக்கட்டுப்பாடு பத்தி எந்தப் பாடத்துல சொல்லிக்குடுக்கறாங்கன்னு தேடுங்க, பல இடத்துல அது ஒரு பாடத்துக்குள்ள ஒரே ஒரு வகுப்பா ஒளிஞ்சிருக்கும். தங்கமே இல்லாத வெற்று சாம்பிள், அளவு ஏற்கனவே தெரிஞ்ச ஸ்டாண்டர்ட் சாம்பிள், ஒரே பாறைலேர்ந்து ரெட்டை சாம்பிள், இந்த மூணையும் நடுநடுவுல சேத்து அனுப்பி லேப் முடிவு நம்பற மாதிரி இருக்கான்னு சோதிக்கறதுதான் விஷயம்.

இது ஏன் அவ்ளோ முக்கியம்னு ப்ரீ-எக்ஸ் கதை தெரிஞ்சா புரியும். ப்ரீ-எக்ஸ்னு ஒரு கனடா கம்பெனி, இந்தோனேசியாவுல புசாங்னு ஒரு இடத்துல பிரம்மாண்டமான தங்கப் படிவு இருக்குன்னு சொன்னாங்க, பங்கு விலை வானத்துக்குப் போச்சு, 1997-ல வேற ஆளுங்க தனியா ட்ரில் பண்ணிப் பாத்தப்போ ஒண்ணுமே இல்ல, சாம்பிள்ல வெளியிலேர்ந்து தங்கத்தூள் கலந்திருந்தாங்க. கோரை ரெண்டா அறுத்துப் பாதியை வச்சுக்கற வழக்கத்தை விட்டுட்டு முழுசா அரைச்சு லேபுக்கு அனுப்பினதால திரும்பச் சோதிக்கறதுக்குக் கையில பெருசா ஒண்ணுமே மிஞ்சல. அந்த மோசடிக்கு அப்புறம்தான் கனடாவுல 2001-ல என்ஐ 43-101 விதி வந்துச்சு, தகுதியுள்ள ஒருத்தர் பொறுப்பேத்துக்காம கம்பெனி தாது அளவை அறிவிக்க முடியாதுன்னு. கோர் ஷெட்ல பாதி உருளையை ஏன் பெட்டில வைக்கறோம்னு இப்போ தெரியுதா.

ஜியோடெக்னிக்கல் பாதைக்கு உங்க துறைக்குள்ள மட்டும் பாடம் தேடினா போதாது, சிவில் இஞ்சினியரிங் துறைக்குப் போய் சாயில் மெக்கானிக்ஸ், ராக் மெக்கானிக்ஸ் எடுங்க. முன்பாடம் இல்லன்னு முதல்ல மறுப்பாங்க, அந்த ஆசிரியரை நேர்ல பாத்து கணக்கும் பிசிக்ஸும் எடுத்திருக்கேன்னு காமிச்சுக் கேளுங்க, பல தடவை விடுவாங்க. இஞ்சினியர்ங்களோட மொழி பேசத் தெரிஞ்ச ஜியாலஜிஸ்டுக்கு இந்தப் பக்கம் நல்ல மதிப்பு. ஆர்க்யூடின்னு ஒரு அளவு இருக்கு, ட்ரில் பண்ணின நீளத்துல 10 செ.மீ.க்குக் குறையாத முழுத் துண்டுங்களோட நீளத்தைக் கூட்டி சதவீதமா சொல்றது. 1.5 மீட்டர் ட்ரில் பண்ணினதுல அப்படிப்பட்ட துண்டுங்க மொத்தம் 1.05 மீட்டர் இருந்தா 70 சதவீதம், பாறை நடுத்தரம்னு அர்த்தம். ட்ரில் மெஷினாலயே உடைஞ்ச துண்டுங்களை ஒண்ணாச் சேத்துத்தான் எண்ணணும், அது இயற்கையான பிளவா மெஷின் உடைச்சதான்னு உடைஞ்ச பரப்பைப் பாத்துக் கண்டுபிடிக்கணும், அங்கதான் ஜியாலஜி படிச்ச கண்ணு வேணும். இதை அடிப்படையா வச்சு பாறைக்கு மதிப்பெண் போட்டுத் தரம் பிரிக்கற பினியாவ்ஸ்கியோட ஆர்எம்ஆர் முறை 1973-லயும், நார்வேல பார்ட்டனும் கூட இருந்தவங்களும் கொண்டுவந்த க்யூ முறை 1974-லயும் வந்துச்சு, ரெண்டும் இன்னிக்கு வரைக்கும் தினசரிப் புழக்கத்துல இருக்கு.

இந்த வேலையோட பாரம் எவ்ளோன்னு தெரியணும்னா இத்தாலில வயாந்த் அணைக்கு நடந்ததைப் படிங்க. 1963 அக்டோபர் 9 ராத்திரி, மான்ட்டே டோக் மலைச்சரிவு சுமார் 27 கோடி கன மீட்டர் அப்படியே நீர்த்தேக்கத்துக்குள்ள சரிஞ்சுது, தண்ணி அணைக்கு மேல எகிறி கீழ இருந்த ஊருங்களை அடிச்சுட்டுப் போச்சு, கிட்டத்தட்ட 2,000 பேர் செத்துப்போனாங்க. அணை உடையல, இன்னும் நிக்குது. சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவுல மெல்லிசா களிமண் அடுக்குங்க இருந்துச்சு, சரிவு அதுமேலதான் வழுக்கிட்டு வந்துச்சு. கோர் லாக் பண்ணும்போது ரெண்டு செ.மீ. களிமண்ணுதானேன்னு எழுதாம விடறவங்க இதை ஒரு தடவை நெனச்சுப் பாக்கணும்.

நிலத்தடி நீர், சுற்றுச்சூழல் பாதைக்கு ஹைட்ரோஜியாலஜி, நீர் வேதியியல், மாசு பரவல். பெட்ரோல் கசிஞ்சா தண்ணி மட்டத்துக்கு மேல மிதக்கும், ட்ரைக்ளோரோஎத்திலீன் மாதிரி கரைப்பான் கசிஞ்சா தண்ணியை விட கனமா இருக்கறதால கீழ கீழ இறங்கி களிமண் அடுக்குமேல போய்த் தேங்கும், ரெண்டுக்கும் கிணறு போடற ஆழமே வேற. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1984-லேர்ந்து வெளியிடற, நிலத்தடி நீர் எப்படி ஓடும்னு கணக்குப் போடற மாட்ஃப்ளோ ப்ரோக்ராம் இலவசம், ஹைட்ரோஜியாலஜி வகுப்புல அதைத் தொடாமலே முடிச்சுட்டாங்கன்னா லீவ்ல நீங்களா இறக்கிப் பழகுங்க.

பெட்ரோலியத்துக்கு செடிமென்டாலஜி, சைஸ்மிக், கிணறு லாக். இந்தப் பக்கமும் ஜியோபிசிக்ஸ் பக்கமும் கம்பெனிங்க மாஸ்டர்ஸ் முடிச்சவங்களைத்தான் பெரும்பாலும் தேடறாங்க, அதனால இளங்கலையோட நிறுத்தறதா இருந்தா இதை முதன்மையா வைக்க வேண்டாம்னு சொல்வேன். ஆனா கத்துக்கறது வீண் போகாது, நார்வேக்குப் பக்கத்துல வட கடல்ல ஸ்லைப்னர் திட்டத்துல 1996-லேர்ந்து கார்பன் டை ஆக்சைடை கடலுக்கு அடியில இருக்கற உட்சிரா மணற்பாறைக்குள்ள இறக்கிட்டு வர்றாங்க, அந்த மணற்பாறை எவ்ளோ இடம் குடுக்கும், மேல இருக்கற ஷேல் மூடி தாங்குமான்னு பாக்கறதுக்கு எண்ணெய் தேடினவங்க பயன்படுத்தற அதே பாடங்கள்தான்.

கம்ப்யூட்டர் பக்கம்

லீப்ஃப்ராக், பெட்ரெல், சர்பேக் மாதிரி ஜியாலஜி சாஃப்ட்வேர் எல்லாம் கத்துக்கிட்டாதான் வேலைன்னு பயமுறுத்துவாங்க. கம்பெனிக்குக் கம்பெனி சாஃப்ட்வேர் மாறும், சேர்ந்த பிறகு அவங்களே சொல்லிக்குடுப்பாங்க. நீங்க கையோட கொண்டுபோக வேண்டியது எக்ஸெல்ல தடுமாறாம வேலை செய்யறது, ஜிஐஎஸ், கொஞ்சம் பைத்தான். க்யூஜிஐஎஸ்னு ஜிஐஎஸ் சாஃப்ட்வேர் இலவசம், லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008-லேர்ந்து இலவசம், உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பகுதியோட படத்தை இறக்கி பாறை எல்லை, பெயர்ச்சிக் கோடுங்களை வரைஞ்சு ஒரு மேப் போட்டீங்கன்னா அதுவே இன்டர்வியூல காமிக்கற பொருள் ஆயிடும். ஜிஐஎஸ் வகுப்பு ஜாக்ரஃபி துறைல நடக்கும் சில இடத்துல, அங்க போய் எடுங்க.

கோஆர்டினேட் டேட்டம், அதாவது இடத்தை எந்த அடிப்படைலேர்ந்து அளக்கறோம்ங்கறது, என்னன்னு நல்லாப் புரிஞ்சுக்கோங்க. பழைய மேப்ல இருக்கற டேட்டம் வேற, ஜிபிஎஸ் குடுக்கறது டபிள்யூஜிஎஸ் 84, மாத்தாம அப்படியே போட்டா சில பகுதிகள்ல போர்ஹோல் 100, 200 மீட்டர் தள்ளிப் போயிடும்.

ஃபீல்ட்

ஃபீல்ட் பாடம் எத்தனை கிடைக்குதோ அத்தனையும் எடுங்க, இதுல நான் கொஞ்சமும் விட்டுக்குடுக்க மாட்டேன். சில கோர்ஸ்ல ஃபீல்ட் கேம்ப் கட்டாயம் இல்லன்னு வச்சிருக்காங்க, செலவு ஆகும்னு மாணவர்களும் தவிர்க்கறாங்க, செலவுதான் பிரச்சனைன்னா துறைல உதவித்தொகை இருக்கான்னு ஒரு வருஷம் முன்னாடியே கேளுங்க, பல சங்கங்கள் ஃபீல்ட் கேம்ப்புக்குன்னே தனியா பணம் ஒதுக்கி வச்சிருக்காங்க. உடம்பால மலையேற முடியாதவங்களுக்கு மாற்று ஏற்பாடு கேக்கற உரிமை இருக்கு, அதையும் முன்கூட்டியே கேட்டுடுங்க. இண்டஸ்ட்ரில ஃபீல்டுக்குப் போகாத வேலையும் நிறைய இருக்கு.

அங்க போய்க் கத்துக்க வேண்டியதுல பாதி நோட்டுப் புத்தகத்துலதான் இருக்கு. தேதி, இடம், கோஆர்டினேட், டேட்டம், வானிலை, அப்புறம் கண்ணால பாத்தது ஒரு பக்கம், அதுலேர்ந்து நீங்க யூகிச்சது தனியா இன்னொரு பக்கம். இப்படிப் பிரிச்சு எழுதறது வேலைல ரொம்ப முக்கியம், ஏன்னா அஞ்சு வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் உங்க லாகைப் படிப்பாரு, உங்க யூகம் தப்பாப் போயிருக்கலாம், பாத்தது சரியா எழுதியிருந்தா அவரால அதை வச்சுப் புதுசா யோசிக்க முடியும். முதலுதவிச் சான்றிதழும் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, ஃபீல்ட் வேலை விளம்பரங்கள்ல அதையும் கேக்கறாங்க.

எழுதறது பத்தி ஒரு வார்த்தை. டெக்னிக்கல் ரைட்டிங் பாடம் இருந்தா எடுங்க. ஜியாலஜிஸ்ட் வேலைல முடிவுல வெளிய போறது ஒரு அறிக்கைதான்.

லீவுல என்ன பண்றது, லைசென்ஸ் விஷயம்

ரெண்டாவது வருஷ முடிவுலேர்ந்தே இன்டர்ன்ஷிப் தேட ஆரம்பிங்க, கோடை வேலைக்குப் பல கம்பெனிங்க ஆறு ஏழு மாசம் முன்னாடியே ஆள் எடுத்து முடிச்சுடறாங்க, பரீட்சை முடிஞ்சப்புறம் பாக்கலாம்னு இருந்தா காலி இருக்காது. பெரிய பேர் கம்பெனிக்கு மட்டும் போடாம சின்ன ட்ரில்லிங் கம்பெனி, கன்சல்டிங் ஆஃபீஸ், அரசு நிலவியல் துறைன்னு எல்லாத்துக்கும் போடுங்க, சின்ன இடத்துலதான் ஒரே மாசத்துல அஞ்சாறு வேலை கையில வரும். எதுவும் கிடைக்கலன்னா உங்க துறை லேப்லயே கேளுங்க, பாறை அறுத்து 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்ச்சு தின் செக்ஷன் பண்றது, சாம்பிள் அரைக்கறது, பழைய கோர் பெட்டிங்களைப் பட்டியல் போடறதுன்னு செய்ய ஆள் இல்லாம நிறைய வேலை கிடக்கும்.

பல நாட்டுல ஜியாலஜிஸ்டா கையெழுத்துப் போட லைசென்ஸ் வேணும். அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல, மாநில லைசென்ஸ் வாரியங்களோட சங்கமான ஆஸ்பாக் நடத்தற ரெண்டு பரீட்சை, முதலாவது அடிப்படை, படிச்சு முடிச்ச சூட்டோட அதை எழுதிடறது நல்லது, ரெண்டாவது அனுபவத்துக்கு அப்புறம். கனடாவுல பி.ஜியோ, பிரிட்டன்ல சார்ட்டர்ட் ஜியாலஜிஸ்ட்னு தகுதி இருக்கு. தாது அளவை அறிவிக்கறதுக்கான ஆஸ்திரேலியாவோட ஜோர்க் விதிப்படி தாது அளவுக்குப் பொறுப்பேத்துக்கறவருக்கு அந்த வகைப் படிவுல குறைஞ்சது 5 வருஷ அனுபவம் வேணும். இதை இப்பவே ஏன் சொல்றேன்னா, லைசென்ஸ் குடுக்கறவங்க டிகிரி பேரைப் பாத்துட்டு விடறதில்ல, எத்தனை ஜியாலஜி பாடம், என்னென்ன பாடம்னு எண்ணுவாங்க. என்விரான்மென்டல் சயின்ஸ்னு பேர் வச்ச டிகிரில இருக்கறவங்க இதை ரொம்ப கவனமாப் பாக்கணும், நீங்க வேலை செய்ய நெனக்கற இடத்தோட பாடப் பட்டியலை எடுத்து உங்க தாளோட ஒப்பிட்டுப் பாருங்க, ஒரு பாடம் குறைஞ்சா இப்போ சேக்கறது சுலபம், வேலைல இருந்துக்கிட்டே திரும்ப வந்து படிக்கறது ரொம்பக் கஷ்டம்.

வருஷவாரியா சுருக்கமா வேணும்னா

முதல் வருஷம் கெமிஸ்ட்ரி, கால்குலஸ், பொது ஜியாலஜி, விளம்பரப் பட்டியல் வேலை. ரெண்டாவது வருஷம் மினராலஜி, ஸ்ட்ரக்சரல், செடிமென்டாலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கூடவே ட்ரைவிங் லைசென்ஸ். மூணாவது வருஷம் பெட்ராலஜி, ஜிஐஎஸ், ஹைட்ரோஜியாலஜி, முதல் எலெக்டிவ், ஃபீல்ட் கேம்ப் அல்லது இன்டர்ன்ஷிப். நாலாவது வருஷம் இருந்தா மிச்ச எலெக்டிவும் ஒரு ப்ராஜெக்ட்டும், மூணு வருஷ டிகிரின்னா மிச்ச எலெக்டிவையும் மூணாவது வருஷத்துலயே நெருக்க வேண்டியிருக்கும், அப்போ துணைப் பாதைக்கான பாடத்தை ஆன்லைன்லயோ மாஸ்டர்ஸ்லயோ பாத்துக்கலாம். ப்ராஜெக்ட் தலைப்பு எடுக்கும்போது நிஜ டேட்டா இருக்கற தலைப்பா கேளுங்க, அரசு நிலவியல் துறைங்க பல நாட்டுல பழைய போர்ஹோல் லாகுங்களைப் பொதுவுல போட்டு வச்சிருக்காங்க, அதுல ஒரு 30 போர்ஹோலை எடுத்துச் சுத்தம் பண்ணி குறுக்குவெட்டு வரைஞ்சாலே நல்ல ப்ராஜெக்ட்.

கடைசி வருஷம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெஸ்யூமேல ஸ்ட்ரக்சரல் ஜியாலஜி, ஜிஐஎஸ்னு பாடப் பேரா அடுக்கியிருந்தா அதை அழிச்சுட்டு அந்தப் பாடத்துல செஞ்ச காரியத்தை எழுதுங்க: எத்தனை சதுர கிலோமீட்டர் எந்த அளவுகோல்ல மேப் போட்டீங்க, எத்தனை மீட்டர் கோர் லாக் பண்ணினீங்க, எத்தனை கிணத்துல மட்டம் அளந்தீங்க, எந்த டேட்டாவை வச்சு என்ன மாடல் கட்டினீங்க. எழுத ஒண்ணும் இல்லாத பாடம் ஏதாவது இருந்தா அந்த ஆசிரியர்கிட்ட போய் இந்த செமஸ்டர்லயே அதுல ஒரு சின்ன வேலை குடுங்கன்னு கேளுங்க, இன்னும் நேரம் இருக்கு.